ஒரு மாலைக் கச்சேரியும் ‘இரைச்சல்’ என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் நகர இணைப்பில் சென்ற ஞாயிற்றுக்கிழமை வெளியான ‘இசை என்ற பெயரில் இரைச்சல்’ என்ற குறிப்பைப் படித்து, இரண்டு நாள் பொறுத்திருந்து இக்கடிதத்தை எழுதுகிறேன். சென்னையில் ஒரு சிறிய அரங்கில், முன்கூட்டி எழுதி வைக்காத இசையையும் ஒலிக்கலைச் சோதனைகளையும் ஒரே மாலையில் வழங்கிய நிகழ்ச்சியைப் பற்றியது அக்குறிப்பு. அந்த நிகழ்ச்சிக்கு நானும் போயிருந்தேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை இருந்தேன். குறிப்பை எழுதியவர் வாசலுக்கு அருகில் அமர்ந்திருந்ததையும், இடைவேளையில் எழுந்து சென்றவர் திரும்பி வராததையும் பார்த்தேன். எழுந்து செல்வது யாருக்கும் உள்ள உரிமை. ஆனால் அவர் கேட்காத பிற்பாதியைப் பற்றியும் குறிப்பில் தீர்ப்பு இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

‘இரைச்சல்’ என்ற சொல்லோடு எனக்குத் தொழில்வழிப் பழக்கம் உண்டு. வானொலி நிலையம் ஒன்றின் ஒலிப்பதிவுப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாடகர் நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும் ஓசை, நாற்காலி கிறீச்சிடுவது, வித்வான் பல்லவிக்கு முன் தொண்டையைச் செருமுவது, ஒலிப்பதிவு நாடாவின் இடைவிடாத ‘உஸ்’ என்ற ஓசை ஆகியவை நேயர்களின் காதை எட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு இட்ட பணி. வேண்டாத ஓர் இருமலை ஸ்பூல் டேப்பிலிருந்து பிளேடால் சாய்வாக வெட்டியெடுத்து, இரு முனைகளையும் ஒட்டி, வெட்டிய இடம் தெரியாமல் ராகம் நகர்ந்து செல்லும்படி செய்வதில் எனக்குப் பெரிய நிறைவு இருந்தது. அந்தப் பழக்கத்திலேயே ஊறிய காதோடுதான் அன்று மாலை அரங்குக்குள் நுழைந்தேன். வெளியே வந்தபோது, என் தொழிலைப் பற்றியே நான் புதிதாக ஒன்றைக் கற்றிருந்தேன். அதனால்தான் அந்த மாலையை ஒரே சொல்லில் தள்ளிவிடுவதை ஏற்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். தனியாக மேடை கிடையாது. ஏறக்குறைய நாற்பது நாற்காலிகளுக்கு நடுவே தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அதில் சாக்ஸஃபோன் வாசிப்பவர் ஒருவர், கட வித்வான் ஒருவர், குரலால் மட்டும் பங்கேற்ற ஒரு பெண்மணி, மின்னணுக் கருவிகள் பரப்பிய தாழ்ந்த மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞர் என நால்வர் அமர்ந்தார்கள். தொடங்குமுன் அரங்கக் காவலரிடம் சொல்லிக் குளிர்சாதனப் பெட்டியையும் மின்விசிறிகளையும் நிறுத்தச் செய்தார்கள். சன்னல்களைத் திறந்து வைத்தார்கள். இரைச்சலை விரும்புகிறவர்கள் விசிறியை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். மெல்லிய ஒலியும் ஒவ்வொருவர் காதையும் எட்ட வேண்டும் என்ற அக்கறை அதில் இருந்தது.

விசிறிகள் ஓய்ந்ததும் ஒலிபெருக்கியின் ரீங்காரம் கேட்கத் தொடங்கியது. நம் நாட்டில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. எர்த் சரியில்லாத கருவியில் அது 50, 100, 200 ஹெர்ட்ஸ்களில் முனகலாக வெளிப்படும். கச்சேரிச் சுருதிக் கணக்கில் சொன்னால் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, ஐந்தரைக் கட்டைக்குக் கீழே அது நிற்கும். பணியில் இருந்த காலமாக இருந்தால் அந்த நொடியிலேயே எழுந்து எந்த வயரில் கோளாறு என்று தேடியிருப்பேன். சாக்ஸஃபோன் கலைஞர் தேடவில்லை. கண்களை மூடிச் சிறிது நேரம் அதைக் கேட்டார். பிறகு அதன் மேல் ஸ்தாயியை ஒட்டி, மூச்சுக்கும் நாதத்துக்கும் இடைப்பட்டதாக ஒரு கார்வை பிடித்தார். இரண்டும் நெருங்கிய இடத்தில் ஒரு துடிப்பு எழுந்தது. தம்புராவுக்குச் சுருதி கூட்டும்போது, இரு தந்திகள் ஒன்றுபடுவதற்குச் சற்று முன் நாம் கேட்கும் அதே அலைதான் அது. சுருதியை மயிரிழை அளவு ஏற்றியும் இறக்கியும் அந்தத் துடிப்பை விரைவாக்கினார், தணித்தார், ஒரு கட்டத்தில் முற்றிலும் நிற்கச் செய்தார். ஐந்து நிமிடங்களுக்கு மேல் இது மட்டுமே நடந்தது. குறிப்பாசிரியர் இந்தப் பகுதியைத்தான் ‘மைக் செட் சரிபார்ப்பு’ என்று எழுதியிருக்கிறார்.

தம்புராவையே எடுத்துக்கொள்வோம். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் நாம் ஒரு நூலை வைத்து நகர்த்துகிறோமே, ஜீவாளி, அது எதற்காக? சுத்தமாக ஒலிக்கும் தந்தியைக் குதிரையோடு உரசி அதிரச் செய்வதற்காகத்தான். கருவியில் அளந்து பார்த்தால் அது ஓர் உரசல் ஓசை. நம் முன்னோர் அதற்கு ஜீவன் என்று பெயர் சூட்டி, அது இல்லாத தம்புராவைச் செத்த தம்புரா என்றார்கள். தவிலின் வலப்புறத்தில் கூடுகளணிந்த விரல்கள் மோதும் கடுமை, கடத்தின் கழுத்தில் நகம் பட்டு எழும் உலோகக் கூர்மை, மோர்சிங்கின் உறுமல் ஆகியவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட காது நம்முடையது. எந்த ஓசை இசைக்கு உரியது, எது அல்லாதது என்ற கோட்டை நாம் ஒருபோதும் நேராக வரைந்ததில்லை.

இங்கே ஒரு பிழையைத் திருத்த வேண்டும். ‘உடைந்த டிரான்சிஸ்டரிலிருந்து வந்த கரகரப்பு’ என்று குறிப்பில் உள்ளது. அரங்கில் எந்த டிரான்சிஸ்டரும் இல்லை. அந்த ஒலி கடத்திலிருந்து வந்தது. வித்வான் கடத்தின் உட்புறத்தில், கைக்கடிகார அலாரத்திலும் வாசல் மணியிலும் இருப்பது போன்ற ஒரு பியசோ தகட்டை ஒட்டியிருந்தார். ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. காற்றில் வரும் ஒலியை அது கேட்காது. தான் ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வை மட்டுமே கேட்கும். அதனால் வித்வான் கடத்தைத் தட்டாமல், ஈர விரலால் மெதுவாகத் தேய்த்தபோது, சுட்ட மண்ணின் சொரசொரப்பே ஒலியாக அரங்கில் பரவியது. எத்தனையோ கட வித்வான்களை நான் ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். மைக்கை ஓரடி தள்ளி வைப்பதா, ஒன்றரையடி தள்ளி வைப்பதா என்று அவர்களோடு வாதிட்டிருக்கிறேன். கடத்துக்குள் இப்படி ஓர் ஒலி இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் செய்தது எனக்கு இன்னும் நெருக்கமானது. அவர் பல ஒலிகளைக் கலந்து அளவு கூட்டிக் குறைக்கும் ஒரு மிக்ஸரின் வெளியீட்டை எடுத்து அதே மிக்ஸரின் உள்ளீட்டில் செருகியிருந்தார். வெளியிலிருந்து எந்த ஒலியும் அதற்குள் போகவில்லை. கருவி தன்னுடைய சன்னமான உள்ளோசையையே விழுங்கிப் பெருக்கி, மீண்டும் விழுங்கி, ஊளையாகவும் துடிப்பாகவும் தந்தியடிக்கும் ஓசையாகவும் வெளிவிட்டது. இதைத் தன் முதன்மைக் கருவியாக்கி உலகெங்கும் அறியச் செய்தவர் ஜப்பானியக் கலைஞர் தொஷிமாரு நாகமுரா. கோயில் விழாவில் மைக் ஊளையிட்டால் அனைவரும் காதைப் பொத்திக்கொள்வோம். அந்த ஊளையை ஒரு பொத்தானை இம்மியளவு திருப்பி அடக்கி, ஒரு சுவரமாக நிறுத்தி, அதன்மேல் அந்தப் பெண்மணி குரலை வைக்க இடம் விட்டுக் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது மிக்ஸரில் கைவைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும். பொத்தான் சற்றுக் கூடுதலாகத் திரும்பினால் அரங்கமே அலறும். அன்று ஒருமுறைகூட அலறவில்லை. ‘யார் வேண்டுமானாலும் செய்யலாம்’ என்ற வாக்கியத்தைக் குறிப்பாசிரியர் அந்த மிக்ஸருக்குப் பின்னால் ஒரு நிமிடம் அமர்ந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

அடுத்து, இது ‘அண்மையில் மேலைநாட்டிலிருந்து வந்திறங்கிய மோகம்’ என்ற கூற்று. வானொலிக்காரன் என்ற முறையில் இதற்கு மறுமொழி சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஏனெனில் இந்தக் கலையின் ஒரு பெரிய கிளை வளர்ந்ததே வானொலி நிலையங்களுக்குள்தான். 1944இல் கெய்ரோவில் ஹலீம் எல்-தாப் என்ற இளைஞர், அங்குள்ள வானொலி நிலையத்திலிருந்து கம்பியில் பதிவு செய்யும் கருவி ஒன்றை இரவல் பெற்று, ‘ஸார்’ என்னும் பேயோட்டும் சடங்கில் பெண்கள் பாடுவதைப் பதிவு செய்தார். பிறகு நிலையத்துக்கே திரும்பி வந்து, அதன் அடிநாதத்தை நீக்கி மேல்நாதங்களை மட்டும் நிறுத்தி, எதிரொலி அறையில் ஒலிக்கவிட்டு ஒரு படைப்பாக்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1948 அக்டோபர் 5 அன்று, பிரெஞ்சு வானொலியின் பொறியாளர் பியர் ஷெஃபர், பாரிஸின் பத்திஞோல் ரயில் நிலையத்தில் பதிவு செய்த எஞ்சின்களின் ஓசையையும் சக்கரங்களின் தாளத்தையும் இசைத்தட்டுகளில் வெட்டி அடுக்கி ஒலிபரப்பினார். அதற்குப் பின் 1950களில் கொலோன், மிலான், தோக்கியோ ஆகிய நகரங்களின் வானொலி நிலையங்கள் இதற்கென்றே ஒலிக்கூடங்கள் அமைத்தன. லண்டன் பிபிசி 1958இல் அமைத்தது. என்னைப் போன்ற ஒலிப்பதிவாளர்கள், நான் வாழ்நாள் முழுக்க வெட்டி எறிந்தவற்றைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்து, அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள். பணியில் இருந்த காலத்திலேயே இதை அறிந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

1951 மே மாதம் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் பன்னிரண்டு வானொலிப் பெட்டிகளை மேடையில் வைத்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் இருவர். ஒருவர் அலைவரிசையைத் திருப்ப, மற்றவர் ஒலியளவைக் கூட்டிக் குறைத்தார். நேரம் நள்ளிரவை நெருங்கிவிட்டதால் பல நிலையங்கள் ஒலிபரப்பை முடித்துவிட்டன. அரங்கில் பெரும்பாலும் அமைதியும் இடையிடையே துணுக்குகளும்தான் கேட்டன. அந்த அமைதி கேஜுக்குத் தோல்வியாகத் தோன்றவில்லை. மறு ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, வுட்ஸ்டாக்கில் காட்டையொட்டிய ஓர் அரங்கில், பியானோ கலைஞர் டேவிட் டியூடர் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடிகள் ஒரு கட்டையையும் அழுத்தாமல் அமர்ந்திருந்தார். மரங்களில் காற்று, கூரையில் மழைத்துளிகள், கடைசியில் பார்வையாளர்களின் முணுமுணுப்பு ஆகியவை அன்று கேட்டன.

அந்த டேவிட் டியூடர் 1969இல் நம் நாட்டுக்கு வந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்சாரத்தால் ஒலிகளை உருவாக்கும் மோக் சின்தசைசர் ஒன்றை நிறுவி ஒரு மின்னணு இசைக்கூடத்தைத் தொடங்கி வைத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் சில ஆண்டுகள் அதில் உழைத்தார்கள். அவர்கள் பதிவு செய்த நாடாக்கள் அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கவனிக்கப்படாமல் கிடந்து, 2017இல் லண்டனைச் சேர்ந்த கலைஞர் பால் பர்காஸ் தேடியெடுத்த பிறகு 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. நாடாக்களைப் பேணும் வேலை பார்த்தவன் என்பதால் இது என்னைப் பெரிதும் வருத்தியது. ஈரப்பதத்தில் நாடா எப்படிப் பிசுபிசுக்கும், மேல்பூச்சு எப்படி உதிரும் என்பது எனக்குத் தெரியும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டிலேயே செய்யப்பட்ட வேலையை நாமே மறந்துவிட்டு, இன்றைய இளைஞர் ஒருவர் அதையொட்டிச் செய்யும்போது இறக்குமதி என்கிறோம்.

கீதா சாராபாயைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பகாவஜ் என்னும் வட இந்தியத் தாள வாத்தியம் வாசிப்பவரான அவர் 1946இல் நியூயார்க் சென்று, கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேலை இசையின் இலக்கணத்தைக் கற்றார். இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அமைதிப்படுத்தித் தெளிவாக்கி, தெய்வீகத்தின் தாக்கத்தை ஏற்கத் தக்கதாகச் செய்வதற்காக என்று தம் குரு கூறியதைச் சொன்னார். கேஜ் அதைத் தம் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். ஆகவே இந்தச் சரக்கு எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போயிற்று என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது.

அதற்காக, இந்த இசையும், கச்சேரியில் அந்தக் கணத்தில் கற்பனை செய்து பாடும் நம் மனோதர்மமும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது இரண்டுக்கும் இழைக்கும் அநீதி. ஷெஃபீல்டில் பிறந்த கித்தார் கலைஞர் டெரிக் பெய்லி இந்த வேறுபாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு மரபின் மொழிக்குள் நின்று அந்தக் கணத்தில் படைப்பது ஒரு வகை. எந்த மரபின் மொழியையும் முன்னதாக ஏற்காமல் படைக்க முயல்வது இன்னொரு வகை. தோடி ஆலாபனையில் பாடகருக்கும் நமக்கும் தோடி முன்பே தெரியும். காந்தாரத்தை அவர் எப்படி அசைப்பார், எங்கே நிற்பார் என்று காத்திருக்கிறோம். நாம் எதிர்பார்த்த இடத்தைச் சற்றுத் தாண்டி அவர் நிற்கும்போது ‘பலே’ என்கிறோம். அன்று மாலை அப்படி முன்பே தெரிந்தது எதுவும் இல்லை. வாசிக்க வாசிக்கத்தான் இலக்கணம் உருவாயிற்று. சில நேரம் உருவாகாமலும் போயிற்று. கேட்பவருக்கு இது கூடுதல் சுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தச் சுமையைத் தாங்கும் பழக்கம் தமிழ்நாட்டில் இருப்பதைவிட வேறெங்கு அதிகம் இருக்க முடியும்? கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் வீதி முனையில் நின்று, சாகித்தியம் எதுவும் இல்லாமல், ராகத்தை மட்டும் மணிக்கணக்கில் வளர்ப்பார். பின்னால் சுவாமி காத்திருப்பார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இரவெல்லாம் நீண்டதை என் தந்தையார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். சுற்றிலும் தீவட்டியின் சடசடப்பு, வண்டி மாடுகளின் மணி, குழந்தைகளின் அழுகை, பலகாரக் கடையின் கொதியெண்ணெய் எல்லாம் இருந்தன. அவற்றை யாரும் அணைக்கவில்லை. இசை அவற்றுக்கு நடுவே நடந்தது. சபா கட்டடங்களுக்குள் நாற்காலிகளில் அமர்ந்து, இரண்டரை மணி நேரத்துக்குள் இத்தனை உருப்படி என்று நாம் கேட்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். அந்தக் கணக்கிலும் முதலில் வெட்டுப்படுவது தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் கடமும் தங்கள் மனத்தில் அந்த நொடியில் உதித்ததை முன்வைக்கும் ஒரே இடம் அது. அது தொடங்கியதும் வரிசை வரிசையாகக் கேன்டீனுக்கு எழுந்து செல்கிறோம். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இதைப் பல டிசம்பர்களில் பார்த்திருக்கிறேன். அன்று மாலையின் கட வித்வானும் அதைத் தம் முதுகில் உணர்ந்தவராகத்தான் இருப்பார். இந்தச் சிறு அரங்கில் அவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. யாரும் கடிகாரத்தைக் காட்டவில்லை.

எட்டரை மணியளவில் தெருவில் குல்ஃபி வண்டியின் மணி கேட்டது. பெண்மணியின் குரல் அப்போது மிகத் தாழ்ந்து, உதடுகளின் ஓசையாக மட்டும் இருந்தது. மணியோசை நெருங்கியதும் அவர் நிறுத்திவிட்டார், நால்வரும் நிறுத்திவிட்டார்கள். வண்டி சன்னலுக்குக் கீழே வந்து, நின்று, யாருக்கோ விற்று, மீண்டும் நகர்ந்து தெருமுனையில் மறையும்வரை அந்த மணி மட்டுமே ஒலித்தது. அது மறையும் தருணத்தில், அதே கால இடைவெளியில், கட வித்வான் நகத்தால் ஒரே ஒரு தட்டு வைத்தார். என் இருபுறமும் அமர்ந்திருந்தவர்கள் மூச்சை உள்ளிழுத்ததைக் கேட்டேன். தோக்கியோவில் 2000 முதல் 2005 வரை ‘ஆஃப் சைட்’ என்ற சிறு கூடம் ஒன்று இருந்தது. குடியிருப்புகளுக்கு நடுவே பழைய வீடு ஒன்றில் அமைந்த அதன் சுவர்கள் மெல்லியவை என்பதால், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையில்லாமல் கலைஞர்கள் மிக மெதுவாக வாசிக்க வேண்டியிருந்தது; அந்தக் கட்டாயத்திலிருந்தே மிக மென்மையான, இடைவெளிகள் நிறைந்த ஒரு பாணி வளர்ந்தது. தெருவைப் பகையாக எண்ணாத இசைக்குத் தெருவும் சிலவற்றைத் தரும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

குறையும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. இடைவேளைக்கு முந்தைய பகுதி எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் நால்வரும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வாசித்துக்கொண்டே போனார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுக்கவில்லை. ஒருவரும் இடமே விடவில்லை. கச்சேரியில் பக்கவாத்தியம் பாட்டை விழுங்கும்போது என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. குறிப்பாசிரியர் இந்த இடத்தில் களைத்துப்போய் வெளியேறியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அதை அவர் இப்படியே எழுதியிருந்தால் கலைஞர்களுக்கும் பயன்பட்டிருக்கும். லண்டனில் எடி பிரெவோ என்ற தாள இசைக் கலைஞர் 1999இல் வாராந்திரப் பயிலரங்கு ஒன்றைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் கூடி, புதிதாக வருபவர்களும் பழகியவர்களும் சேர்ந்து வாசித்து, ஒருவரையொருவர் கேட்கக் கற்பதுதான் அதன் நோக்கம். முன்கூட்டி எழுதாத இசைக்கும் சாதகம் தேவை, அது ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும் என்பதற்கு அது சான்று. நம் கலைஞர்களுக்கு அப்படி ஒரு வாராந்திர இடம் இங்கே அமையவேண்டும். இந்த நால்வரும் ஆண்டில் எத்தனை முறைதான் ஒன்றாக அமர முடிகிறது?

பிற்பாதியில் நடந்ததைக் குறிப்பாசிரியர் ‘ஒரே வாக்கியத்தை டேப்பில் திரும்பத் திரும்பப் போட்டார்கள்’ என்று முடித்துவிட்டார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கக்கூடும். நடந்தது இது. 1969இல் அமெரிக்காவின் ஆல்வின் லூசியர் கண்ட வழிமுறையைத் தமிழில் செய்து பார்த்தார் அந்த இளைஞர். தாம் அமர்ந்திருக்கும் அறையைப் பற்றி நான்கு வரிகளைத் தமிழில் பேசிப் பதிவு செய்தார். அந்தப் பதிவை ஒலிபெருக்கி வழியாக அரங்கில் ஒலிக்கவிட்டு, அரங்கில் கேட்டதை மீண்டும் பதிவு செய்தார். அதை மறுபடி ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்தார். இப்படி முப்பது முறைக்கு மேல்.

ஒவ்வொரு அறைக்கும் அதன் நீளம், அகலம், உயரத்துக்கு ஏற்பச் சில சுருதிகள் இயல்பாகத் தங்கும், மற்றவை தேயும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே எந்த அலை சரியாகப் பொருந்துகிறதோ அது மட்டும் வலுப்பெறும். ஒலிக்கூடம் கட்டும்போது இந்த இயல்பைக் கொல்வதற்குத்தான் சுவர்களில் துளைப்பலகையும் கண்ணாடிப் பஞ்சும் வைத்து அடைப்போம். இங்கே அதை வளரவிட்டார்கள். நான்காம் சுற்றில் வல்லின எழுத்துகள் மழுங்கின. பத்தாம் சுற்றில் சொற்கள் போயின. ஆனால் நெடில் எது, குறில் எது என்று மட்டும் தெரிந்தது. இருபதாம் சுற்றில் பேச்சின் நடை மட்டும் எஞ்சி, சீர்களும் அசைகளும் யாரோ தொலைவில் வாசிக்கும் ஜலதரங்கம் போல ஒலித்தன. கடைசியில் மூன்று சுவரங்கள் மாறி மாறி எழுந்து அடங்கின. அவை அந்த அரங்கின் சுவரங்கள். என் நினைவு சரியாக இருந்தால், நான் இளமையில் இதே அரங்கில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியைப் பதிவு செய்யும்போது, எந்த இடத்தில் மைக்கை வைத்தாலும் போகாமல் என்னைத் தொல்லைப்படுத்திய முழக்கமும் அதுதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதை முழுமையாக, தனியாக, யாரும் மறைக்காமல் கேட்டேன். முடிந்ததும் யாரும் உடனே கைதட்டவில்லை. தொடக்கத்தில் இருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே இருந்தோம். ஒரு நிமிடமாவது அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஐயா, தங்கள் நாளிதழ் டிசம்பர் மாதத்தில் கச்சேரிகளுக்கு ஒதுக்கும் பக்கங்களை நான் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எந்தச் சங்கதி நழுவிற்று, எந்த நிரவலில் வயலின் எங்கே பிரகாசித்தது என்று நுணுகி எழுதும் விமர்சகர்கள் தங்களிடம் இருக்கிறார்கள். அந்த நுணுக்கத்தில் ஒரு பங்கை இந்த மாலைகளுக்கும் தரவேண்டும் என்பதே என் வேண்டுகோள். பாராட்டுரை கேட்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் எங்கே, ஏன் பிடிக்கவில்லை என்று எழுதட்டும். ஆனால் என்ன ஒலித்தது, எதிலிருந்து ஒலித்தது, யார் யாரைக் கேட்டு வாசித்தார் என்பதையும் எழுதட்டும். கடத்தை டிரான்சிஸ்டர் என்று எழுதியதற்குத் திருத்தம் ஒன்றை வெளியிட்டால், தம் கருவியை அன்போடு கையாண்ட அந்த வித்வானுக்கு நியாயம் செய்ததாகும்.

அதே நால்வர் அடுத்த மாதம் அதே அரங்கில் மீண்டும் அமர்கிறார்கள் என்று அரங்கக் காவலர் சொன்னார். அன்று தங்கள் விமர்சகர்களில் மூத்தவர் ஒருவரை அனுப்பி வையுங்கள். வாசலுக்கு அருகிலுள்ள நாற்காலிகளில் படிக்கட்டின் பேச்சுக்குரல் வந்து விழுகிறது. நடுவரிசையில், ஜமுக்காளத்தை ஒட்டி இரண்டு நாற்காலிகளை நான் முன்னதாகப் போய்ப் பிடித்து வைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வானொலி ஒலிப்பதிவாளர்,
சென்னை